பூக் கேட்டுச் செய்த கல்யாணம்

ஆவணி பிறந்து வந்த முதல் நல்ல நாளில், காலையில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்.

என் அக்கா. பட்டுப்புடவை கட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வீட்டுக்காரர். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில். துண்டை மடித்து மடியில் வைத்திருந்தார்.

அவர்கள் மகன். என் மருமகன். உள்ளே வராமல் வாசல் நிலையை ஒட்டி நின்றான்.

என் வீட்டுக்காரி. சமையல்கட்டு வாசலில்.

என் மகள். அவளுக்குப் பின்னால். வயிற்றில் மூன்று மாதம்.

நான். சுவரில் சாய்ந்து, தரையில்.

நடுவில் ஒரு தட்டு. அதில் புடவை, தேங்காய், வாழைப்பழம், பூ. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் திரும்ப அழைத்துப் போக வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி தட்டைக் கையில் வாங்கினால் மகள் கிளம்ப வேண்டும். அவள் வாங்கவில்லை. வாங்க வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவது வரைதான். திருப்பூரை ஒட்டி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிறேன். டி-சர்ட்டைப் போட்டு, ஆவி விட்டு, இழுத்து, மடித்து, அடுத்தது. நாள் முழுக்க அதுதான். பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. வீட்டிலும் நான் அப்படியே பழகிவிட்டேன்.

அக்காவுக்கு ஒரே மகன். எனக்கு ஒரே மகள். எங்களில் அக்கா மகனுக்குத் தம்பி மகள் உரிமைப் பெண். தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவிடுவார்கள். அக்காவும் பேசிவிட்டாள்.

சொந்தம் இல்லாத அசலில் பெண் கொடுத்தால் விசாரிப்போம். பையன் வேலை செய்கிற கம்பெனியில் கேட்போம். தங்கியிருந்த ரூமுக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்தால் அங்கே உட்கார்ந்து கேட்போம். என் வீட்டுக்காரியின் அண்ணன் மகளை அசலில் கொடுத்தபோது, பையன் எந்தக் கடையில் முடி வெட்டுகிறான் என்பது வரைக்கும் கேட்டு வந்தார்கள். சொந்தத்தில் அது கிடையாது. விசாரித்தேன் என்று காதில் விழுந்தாலே அவமானம். ஜாதகம் கூடப் பார்க்கவில்லை.

பூ மட்டும் கேட்டோம். மூலனூருக்கு அந்தப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை விட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளை வந்தது. அக்கா அழுதாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அக்கா வீடு அவிநாசிபாளையத்தில். மருமகன் அந்த ரோட்டிலேயே ஒரு கம்பெனியில் கட்டிங் இன்சார்ஜ். அதற்கு முன்னால் திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கி நாலைந்து வருடம் வேலை செய்தவன். நல்ல பையன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆடி பிறந்ததும் போய் மகளை அழைத்து வந்தேன். தலையாடிக்குப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கக் கூடாது என்பது வழக்கம். ஆடியில் தங்கினால் சித்திரை வெயிலில் குழந்தை பிறக்கும், தாங்காது என்பார்கள். எங்கள் விஷயத்தில் அதற்குள் நாள் தள்ளிப்போயிருந்தது. காரணம் போய்விட்டது. இருந்தாலும் அழைத்து வந்தோம். வழக்கம் வழக்கம்தான்.

மாசமாக இருக்கிறாள் என்று அரசு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு வந்தோம். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுப்பது. இரண்டு நாள் கழித்து மகளுக்கு போன் வந்தது, வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லி. மருமகன் ஷிப்மென்ட் வேலையில் இருந்தான். நான் வண்டியில் கூட்டிப் போனேன்.

டாக்டர் பெண். மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் கதவைத் திறந்தாள்.

"அப்பா, உள்ள வாங்க. நானே வரச் சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எச்.ஐ.வி. இல்ல. இது வேற. சிபிலிஸ்னு பேரு. ஊசிக்குக் கேட்கிற நோய்தான். வாரத்துக்கு ஒண்ணு, மூணு ஊசி."

"குழந்தைக்குங்க?" என்றேன்.

"இப்பப் போட்டா காப்பாத்திரலாம். விட்டுட்டா வயித்துலயே போயிடலாம். பொறந்தாலும் நோயோட பொறக்கலாம். இன்னொண்ணு. இவங்க வீட்டுக்காரரும் பாத்துக்கணும். இவங்க மட்டும் போட்டுட்டு அங்க போனா திரும்ப வந்துரும். குழந்தைக்கும்தான்."

மகள் கேட்டாள். "எனக்கு எப்படிங்க டாக்டர் வந்துச்சு?"

டாக்டர் சொன்னார். "கூட இருக்கிறவங்ககிட்டேருந்துதாம்மா வரும்."

மகள் தலையை ஆட்டினாள்.

முதல் ஊசியை அன்றே போட்டார்கள். இடுப்பில். வலி அதிகம் போல. வண்டியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இளநீர் குடித்தாள். குடித்துவிட்டு, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேங்கப்பா" என்றாள்.

சொன்னாள். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. களைந்து, கழுநீரை இறுத்து, உலையில் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"கொழந்தை நிக்குமுங்களா?"

"ஊசி போட்டா நிக்கும்."

"மாப்பிள்ளையும் போடோணுமாமா?"

"ஆமா."

"அவங்க போடுவாங்களா?"



மகள் அவனிடம் போனில் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு போனை எடுக்கவில்லை. மகளுக்கு இரண்டாவது ஊசியும் ஆகிவிட்டது. ஆடி கழிந்தால் அழைத்துப் போக வருவார்கள். அதற்குள் அவனுக்குப் போட வேண்டும். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"ஏன்டா தம்பி, ஆடி நோம்பிக்குக் கூப்பிட்டுட்டுப் போன. இப்ப ஒறம்பரையாட்டம் பையத் தூக்கிட்டு வந்து நிக்கற?" என்றாள் அக்கா. சிரித்தாள். விருந்தாளிக்கு வைப்பதுபோல் காபி வைத்தாள்.

காபி குடித்து முடித்த பிறகு சொன்னேன். டாக்டர் சொன்ன பெயரையே சொன்னேன். அக்காவுக்குப் புரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"மேக நோய்ம்பாங்க. அந்தக் காலத்துல."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பொம்பளச் சீக்கா?"

அந்த நோய்க்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவது என்று வைத்த பெயர். என் மகளுக்கு வந்த வழி வேறு. பெயர் அப்படியே இருக்கிறது.

"எம்பட ஊட்டுக்கு எப்படிடா அது வரும்?" என்றாள் அக்கா. "உம்பொண்ணுதான் கலியாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கம்பெனிக்குப் போயிட்டு வந்தவ. செக்கிங்கு, செக்கிங்குன்னு."

"போனாங்க்கா. எங்கூட வண்டில வந்தா. எங்கூட வண்டில திரும்புனா."

"நானும் எம்மகனை அப்படித்தான்டா சொல்லுவேன்."

"சொல்லுங்க. யார்கிட்ட இருந்து யாருக்குன்னு கேக்க நான் வரலீங்க. ரெண்டு பேரும் போடோணும்ங்கறாங்க. அவ்வளவுதான். கொழந்தை உங்க ஊட்டுக் கொழந்தை."

"அவன் போய்ப் போட்டுக்கிட்டா ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமில்ல?"

"போடாம இருந்தா எம்பொண்ணை அனுப்பறதுக்கில்லீங்க்கா."

அக்கா எழுந்துவிட்டாள். "தாலி கட்டுனவன் கூப்புட்டா அனுப்ப மாட்டேங்கறதுக்கு நீ யார்றா? பூ வெள்ளை வந்துச்சு. சாமி குடுத்தது. நீ குறுக்க நிக்கறயா?"

"சாமிகிட்ட நாம இதைக் கேக்கலீங்க்கா."

அவள் ஆரஞ்சுப் பையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். எடுத்துப் போ என்று சொல்லவில்லை. நான் எடுக்காமல் வெளியே வந்தேன்.

அக்கா வீட்டுக்காரர் வண்டி வரைக்கும் வந்தார். பிள்ளைகள் கல்யாணப் பேச்சில் கூட அவர் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. வண்டியைத் திருப்பும்போது கையை ஹேண்டில்மேல் வைத்தார்.

"நாஞ்சொன்னா கேக்க மாட்டான். நீ தாய்மாமன். நீ சொல்லு."

மருமகன் கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். டீ டைமுக்கு ஆட்கள் வந்தார்கள். இந்தி பேசுகிற பையன்கள் முதலில். கடைசியில் அவன். என்னைப் பார்த்ததும் நின்றான். பிறகு வந்தான்.

"வாங்க மாமா."

"டீ சாப்பிடலாமுங்களா மாப்பிள்ளை?"

அவன் பிறந்ததிலிருந்து அவனை நான் டேய் என்றுதான் கூப்பிட்டேன். தாலி கட்டிய நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளைங்க. எழுந்து நின்று வாங்க என்பேன். அவன் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன். அப்படி இருக்கிற ஒருவரிடம் இதை எப்படிப் பேசுவது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன்தான் தொடங்கினான்.

"அவ சொன்னாளுங்க மாமா. வேலை ஒழியல. ஷிப்மென்ட் போயிருச்சுன்னா வந்துருவேன்."

"ஆகட்டுங்க."

அவன் காதைப் பார்த்தேன். கடுக்கன் போட்ட துளை தூர்ந்து புள்ளியாக இருந்தது.

"டேய்" என்றேன்.

நிமிர்ந்தான்.

"இந்தக் காது குத்துனப்ப எம்மடிலதான் இருந்த. ஆசாரி கம்பியை எடுக்கறதுக்குள்ள எம்பட வேட்டியை நனைச்சுப் போட்ட. புது வேட்டி."

சிரித்துவிட்டான். "இன்னுமா மாமா அதைச் சொல்லிட்டிருக்கீங்க."

"இப்ப நான் பொண்ணு குடுத்தவனாப் பேசல. மடில வச்சிருந்தவனாப் பேசறேன். எங்க போன, யாருன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். ஊசி போட்டுக்கோ."

அவன் டீ கிளாசைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"எச்.ஐ.வி.யும் பாப்பாங்களா மாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பயந்தது ஊசிக்கு இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

"பாப்பாங்க. எம்பொண்ணுக்குப் பாத்தாங்க. இல்ல."

"எனக்கு இருந்தா?"

"இருந்தா மாத்திரை இருக்குது. தெரியாமயே இருந்தா என்ன குடுப்பாங்க?"

"அங்க போய் உக்காந்தா பேர் சொல்லிக் கூப்புடுவாங்க மாமா. தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க."

"ரெண்டு டோக்கன் வாங்கலாம். எனக்கும் ஒண்ணு. நான் முன்னாடி போறேன்."

"உங்களுக்கெதுக்குங்க?"

"சுகர் பாக்கறாப்பல பாத்துக்கறேன். வயசாச்சில்ல. எம்பேரைத்தான் முதல்ல கூப்புடட்டும்."

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவன் விடவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். பேரைக் கூப்பிடவில்லை. நம்பரைத்தான் கூப்பிட்டார்கள். முதலில் எனக்கு எடுத்தார்கள். பிறகு அவனைத் தனியாக உள்ளே வைத்து ஒரு அம்மா நெடுநேரம் பேசினார். என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. வெளியே வந்தவன் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்காலில் கை வைத்தேன். நின்றது.

எனக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு எச்.ஐ.வி. இல்லை. மற்றது இருந்தது.

முதல் ஊசி அன்றைக்கு. இரண்டாவது, அடுத்த வாரம், அவனே தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டான். மகளுக்கு போன் செய்து சொன்னான். அவளுக்கு அதற்குள் மூன்றும் ஆகியிருந்தது. அவனுக்கும் மூன்றும் முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை தனித்தனியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆடி முடிந்துவிட்டது. அவன் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நான் வந்து போனதோடு பேச்சு முடிந்தது, தம்பி பயந்து அடங்கிவிட்டான் என்று அக்கா நினைத்தாள். நல்ல நாள் பார்த்தாள். தட்டோடு வந்தாள்.

அதுதான் அந்தக் காலை.

"தட்டை வாங்கு அம்மிணி. நல்ல நேரம் போகுது" என்றாள் அக்கா.

என் வீட்டுக்காரி நகரவில்லை.

"ஏன்டா தம்பி. சொன்னாப்பலயே செஞ்சு போட்டயே. எம்மகன் வாசல்ல நிக்கறான். உக்காருன்னு சொல்ல ஆளில்ல இந்த ஊட்டுல."

"சொன்னனுங்க. அவருதான் நிக்கறாரு" என்றேன்.

மகள் அம்மாவை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும்போது பெண் பிள்ளை நடுவில் வருவது எங்களில் இல்லை. வந்து, தட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா. எத்தனை ஆச்சு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றான்.

"என்ன ரெண்டு?" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது.

"ஊசிம்மா" என்றான். "எனக்கு. இன்னும் ஒண்ணு இருக்குது."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரி செய்தாள். அவள் கை என் அம்மாவின் கை மாதிரி இருந்தது. அதை நான் அன்றுதான் கவனித்தேன்.

அக்கா வீட்டுக்காரர் எழுந்தார். "போலாம்" என்றார்.

"சாப்புட்டுட்டுப் போங்க. சமையல் ஆச்சுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"இன்னொரு நாளைக்கு வர்றோம் அம்மிணி" என்றார் அவர்.

வைத்த தட்டைத் திரும்ப எடுத்துப் போகிற வழக்கம் இல்லை. வாங்காத தட்டை நாங்கள் எடுக்கவும் முடியாது. அது முன்னறையில் அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி நடந்தோம். அதை விட்டுத் தள்ளிப் பாய் போட்டுப் படுத்தோம். பூ காய்ந்தது. பழம் கறுத்தது. பழத்தை மட்டும் மகள் எடுத்துப் போட்டாள். "பழம் என்ன பண்ணுச்சுங்கப்பா, நாறுது" என்றாள். நான் சிரித்தேன். ஆடி பிறந்த பிறகு வீட்டில் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆவணி பாதி தாண்டி ஒரு நாள் அவன் தனியாக வந்தான். பைக்கில். கையில் ஒன்றுமில்லை. நல்ல நேரமும் பார்க்கவில்லை, ராகு காலம் என்று என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள். மகள் வாசலில் நின்று அவனை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை?"

"மூணு. போன வாரமே."

வழி விட்டாள். என் வீட்டுக்காரி குனிந்து தட்டை எடுத்தாள். புடவையை உதறி மகள் கையில் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு மகள் கிளம்பினாள். அவன் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். நான் கம்பெனிக்குப் போய் மீதி ஷிப்டுக்கு நின்றேன்.

அவளை அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் அப்படித்தான் சொன்னாள். அத்தை சாப்பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். வளைகாப்புக்கு அக்கா எல்லாம் செய்தாள். அவள் கையாலேயே வளையல் போட்டாள். என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் முந்தானையைச் சரி செய்துகொண்டு விலகிப் போவாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். நானும் பேசவில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகும். கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மாசியில் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை. குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் சொல்கிறோம் என்றார்கள். மருமகன் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. வார்டு வாசலை விட்டு நகரவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். தூக்குப்போசியில் கஞ்சி. நான் பெஞ்சில் இருந்தேன். என்னைத் தாண்டி நேராக நர்சிடம் போனாள். எல்லாரும் கேட்கிறதைக் கேட்கவில்லை.

"கொழந்தைக்கு ரத்தம் பாத்தாச்சுங்களா?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க?"

"அப்பனைப் பெத்த ஆத்தாளுங்க."

நர்ஸ் எழுந்தாள். உள்ளே போய், சொல்லலாமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பாத்தாச்சும்மா. குழந்தைக்கு ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். மறக்காமக் கூட்டிட்டு வரணும்."

"நாங் கூட்டிட்டு வர்றனுங்க" என்றாள் அக்கா.

திரும்பி வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்குப்போசியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். வார்டுக் கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எடை எத்தனைடா?"

சொன்னேன்.

இரண்டு கிலோ எழுநூறு.